உங்கள் நிலத்தின் கணக்கைக் கணினியிலிருந்து கல்வெட்டு வரை பின்தொடர்வது எப்படி: நெல்லைச் சீமைக்கு ஒரு வழிகாட்டி

தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஒரு பழைய நஞ்சையைப் பற்றிய எழுத்து கோயில் சுவரில் கல்லாக இருந்திருக்கும். பிறகு கணக்கப்பிள்ளை வீட்டு ஓலையானது, தாலுகா அலுவலகத்துத் தாளானது, இப்போது கணினியில் இருக்கிறது. இடம் மாறிய ஒவ்வொரு முறையும் எழுதும் கை மாறியது. படிக்கத் தெரிந்தவர்களும் மாறினார்கள். சிலர் பெயர் உள்ளே வந்தது, சிலர் பெயர் விடுபட்டது. நிலச் சிக்கலில் பெரும்பாலானவை இப்படிக் கணக்கு பெயர்த்து எழுதப்பட்ட தருணங்களில் முளைத்தவைதான். அதனால் தேடும்போது இன்றைய பட்டாவில் தொடங்கி, பெயர்த்தெழுதிய ஒவ்வொரு இடமாகப் பின்னோக்கிப் போக வேண்டும். அப்படிப் போகும் முறையைத்தான் இங்கே சொல்கிறோம்.

தேவையானவை: ஒரு நீளமான கணக்கு நோட்டு, கால்குலேட்டர், 30 மீட்டர் டேப், நல்ல கேமரா உள்ள கைப்பேசி, வீட்டில் இருக்கும் எல்லாப் பத்திரங்களின் நகல். அசல் பத்திரங்களை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலையாதீர்கள். லேமினேட் செய்யவும் வேண்டாம். சூட்டில் பழைய முத்திரைத்தாள் பழுப்பேறும், மை உருகி ஒட்டும். பின்னாளில் கைரேகையையோ முத்திரையையோ சோதிக்க வேண்டி வந்தால் அதற்கும் வழியிருக்காது.

முதலில் இன்றைய கணக்கு

வருவாய்த் துறையின் இ-சேவை தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ கொடுத்தால் பட்டா வரும். முன்பு தனித்தனியாக இருந்த பட்டாவும் சிட்டாவும் இப்போது ஒரே சான்றாகிவிட்டன. அதே தளத்தில் ஊரின் நிலங்களை வரிவரியாகக் காட்டும் அ-பதிவேடும், வயலின் அளவுப் படமான புலப்படமும் கிடைக்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் இறக்கி, இறக்கிய தேதியை மூலையில் எழுதி வையுங்கள். கணினிக் கணக்கில் ஒரு திருத்தம் ஏறிவிட்டால் பழையது திரையிலிருந்து மறைந்துவிடும். காகிதப் பதிவேட்டில் அடித்துத் திருத்தினால் அடித்த கோட்டுக்குக் கீழே பழைய பெயர் தெரியும், பக்கத்தில் சுருக்கொப்பம் இருக்கும். திரையில் அந்தத் தடயம் உங்கள் கண்ணுக்கு எட்டாது. நீங்கள் எடுத்து வைத்த தேதியிட்ட நகல்தான் தடயம்.

மூன்றில் பலரும் புறக்கணிப்பது அ-பதிவேடு. உண்மையில் அதில்தான் விஷயம் இருக்கிறது. புல எண், உட்பிரிவு, பழைய புல எண், நிலம் ரயத்துவாரியா (உடையவர் அரசுக்கு நேராக வரி கட்டுவது) அரசுப் புறம்போக்கா, நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம், தரம், தீர்வை (நிலவரி), பரப்பு, பட்டா எண், பெயர், கடைசியாகக் குறிப்பு என்று ஒவ்வொரு வரியிலும் இத்தனை செய்தி இருக்கும். பாசன ஆதாரத்தைத் தவறாமல் பாருங்கள். கன்னடியன் கால்வாய், பாளையங்கால்வாய், ஊர்க்குளம் என்று என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வாய்மடைத் தகராறில் உங்களுக்குச் சாட்சி. குறிப்புக் கட்டத்தில் நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒப்படைத்த பஞ்சமி நிலங்கள் அந்த நிபந்தனை வரியால்தான் காக்கப்பட்டன. அவற்றைப் பிறருக்கு விற்பது செல்லாது. பதிவேட்டைப் பெயர்த்து எழுதும்போது அந்த ஒரு வரியை விட்டுவிட்டால் நிலமே கைமாறுவதற்கு வழி திறந்துவிடும். ஆகவே நிபந்தனை நிலம் என்று ஊரில் பேச்சு இருந்தால் இன்றைய பதிவேடு வெறுமையாக இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

பரப்பை ஒப்பிடுதல்

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர், சதுர மீட்டரில் இருக்கும். உங்கள் பத்திரத்தில் ஏக்கர், சென்ட் இருக்கும். கணக்கு இதுதான்: 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 100 ஏர் ஒரு ஹெக்டேர், அது 2 ஏக்கர் 47 சென்ட். 1 சென்ட் 435.6 சதுர அடி.

உதாரணமாக 0.40.50 என்று இருந்தால் 40.5 ஏர். அதை 2.471-ஆல் பெருக்கினால் 100.08 சென்ட். பத்திரத்தில் ‘ஏக்கர் 1’ என்று இருந்தால் இது சரி. கிராமப் பட்டாக்களில் பரப்பு பெரும்பாலும் 00 என்றோ 50 என்றோ முடிவதைக் கவனித்திருப்பீர்கள். அருகிலுள்ள அரை ஏருக்கு முழுமையாக்கியதால் வந்தது அது. எனவே அரை சென்ட், முக்கால் சென்ட் வித்தியாசத்துக்கு மனு எழுத வேண்டாம். ஐந்து சென்ட் குறைந்தால் விடவும் வேண்டாம்.

இன்னும் பழைய பத்திரங்களில் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று வரும். 21 மரக்கால் ஒரு கோட்டை என்பது இந்தச் சீமை வழக்கம். இது அளந்த பரப்பு அல்ல, அந்த வயலுக்கு எவ்வளவு விதை பிடிக்கும் என்பதன் கணக்கு. வளமான வயலுக்கும் மேட்டு வயலுக்கும் ஒரே மரக்கால் ஒரே சென்ட் ஆகாது. யாராவது தரும் ஒற்றை வாய்பாட்டை வைத்துச் சென்டாக மாற்றிச் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தப் பத்திரத்தில் உள்ள நான்கெல்லையை எடுத்துக்கொண்டு புலப்படத்தில் பொருத்துங்கள். சக்குபந்தி என்று எழுதியிருப்பதும் நான்கெல்லைதான்.

புலப்படம்

புலப்படத்தில் ஒரு புலத்தின் மூலைக் கற்களும், குறுக்கே ஓடும் ஆதாரக் கோடும், அதிலிருந்து வலமும் இடமும் வரப்பின் வளைவுகளுக்குப் போகும் செங்குத்து அளவுகளும் இருக்கும். புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பதுதான் முறை. ஒரு முக்கோணத்தின் அடி 120 மீட்டர், அதற்குச் செங்குத்து 34 மீட்டர் என்றால் இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் 2,040 சதுர மீட்டர். அது 20.4 ஏர், சுமார் 50.4 சென்ட். எல்லா முக்கோணங்களையும் கூட்டினால் புலத்தின் பரப்பு வர வேண்டும்.

பழைய படமென்றால் அளவு லிங்க்சில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க்ஸ். ஒரு லிங்க் 20.1 சென்டிமீட்டர். லிங்க்சில் ஒரு வசதி உண்டு: 1,000 சதுர லிங்க்ஸ் சரியாக ஒரு சென்ட். சதுர லிங்க்சில் வந்த விடையை ஆயிரத்தால் வகுத்தால் சென்ட் கிடைத்துவிடும்.

இங்கே பலர் தவறுவது அச்செடுப்பதில். தளத்திலிருந்து எடுத்த படத்தை ஜெராக்ஸ் கடையில் தாளுக்குப் பொருந்துமாறு சுருக்கிவிடுவார்கள். படத்தில் 1:2000 என்று எழுதியிருக்கும், ஆனால் தாளில் அந்த விகிதம் இருக்காது. ஸ்கேலை வைத்து அளந்தால் தப்பான விடை வரும். படத்தில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் எடுங்கள். வயலில் இறங்கும்போது வரப்பிலிருந்து தொடங்காதீர்கள், வரப்பு நகரும். கல்லைத் தேடுங்கள். மூன்று கிராம எல்லைகள் சேரும் இடத்தில் முச்சந்திக் கல் இருந்தால் அதுவே உறுதியான தொடக்கம். கல் காணாமல் போயிருந்தால் நீங்களாக ஒன்றை நடாதீர்கள். கட்டணம் கட்டி நில அளவைக்கு மனு கொடுங்கள். பக்கத்து நிலத்துக்காரருக்கு அறிவிப்புப் போய் அவர் முன்னிலையில் அளந்தால்தான் அந்த அளவு நிற்கும்.

பத்திரப் பதிவின் தொடர்

பட்டா என்பது தீர்வைக் கணக்கு. உரிமைக்கு அது மட்டுமே ஆதாரமாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. உரிமையின் தொடரைப் பத்திரத்தில்தான் தேட வேண்டும். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறைத் தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-லிருந்து கணினியில் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். அப்போது இன்றைய புல எண்ணை மட்டும் கொடுத்தால் ஒன்றும் அகப்படாது. பழைய புல எண்ணையும், அந்தக் காலத்தில் அந்தக் கிராமம் எந்தச் சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு, 57-ஆம் பிரிவு. அசையாச் சொத்துப் பத்திரங்களை நகலெடுத்து வைக்கும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிலத்தோடு உங்களுக்குத் தொடர்பிருக்க வேண்டியதில்லை. உயில் புத்தகமான 3-ஆம் எண்ணுக்கும் இதரப் பத்திரங்களின் 4-ஆம் எண்ணுக்கும் மட்டுமே கட்டுப்பாடு. இதைத் தெரிந்துகொண்டு போகிறவரை ‘நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள்’ என்று திருப்பி அனுப்ப முடியாது.

வில்லங்கம் வெறுமையாக வந்தால் நிலத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளல்ல. 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. அதனாலேயே அந்தக் காலத்தில் 99 ரூபாய்ப் பத்திரங்கள் எழுதப்பட்டன. வாய்மொழிப் பாகப்பிரிவினை வில்லங்கத்தில் வராது. தகப்பனாரிடமிருந்து மக்களுக்கு இறங்கியதும் வராது. ஒத்தி பதிவாகியிருந்து, மீட்டது மட்டும் பதிவாகாமல் கிடப்பதும் உண்டு. இந்த இடைவெளிகளை வாரிசுச் சான்றும் தீர்வை ரசீதும் அடங்கலும் கொண்டு நிரப்ப வேண்டும். கார், பிசானம் என்று பூ (போகம்) வாரியாக யார் பயிர் வைத்தார்கள் என்பதை ஊரில் எழுதிய கணக்கு அடங்கல்தான். அனுபவத்துக்கு அதைவிட நெருக்கமான எழுத்து வேறில்லை.

1979 முதல் 1987 வரை: எல்லாம் இடம் மாறிய காலம்

நெல்லைச் சீமையில் இன்று வழக்காடும் நிலங்களை எடுத்துப் பார்த்தால் நூல் திரும்பத் திரும்ப இந்த எட்டு ஆண்டுகளில் போய் நிற்கும். யு.டி.ஆர். என்று சொல்லும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன, ஏக்கர் ஹெக்டேரானது, உட்பிரிவுகள் மாறின. அதே காலத்தின் நடுவில், 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து பகுதிநேரக் கிராம அதிகாரிகளான கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

இதன் எடையைப் புரிந்துகொள்ள, கர்ணத்தின் கணக்கு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். 1802-இல் கிழக்கிந்தியக் கும்பினி அரசு ஜமீன்களுக்கு நிரந்தரத் தீர்வை வகுத்தபோது, அதே ஆண்டில் கர்ணங்களுக்கென்று தனியாகவே ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் எழுதியது. ஜமீன்தார் என்ன வசூலிக்கிறார் என்பது கும்பினிக்குத் தெரிய, ஊரில் எழுதும் கை ஒன்று வேண்டியிருந்தது. 1895-இல் வந்த சட்டம் அந்தப் பதவிகளின் பரம்பரை உரிமையை எழுத்தாக்கியது. கணக்கு கர்ணத்தின் வீட்டில் இருந்தது. கணக்கு எழுத்தின் சுருக்கங்களும் பின்ன எண்களும் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பழக்கம். உழுதவர் ரசீதில் விரல் வைத்தார். ஊரில் அவரை மீறி ஒரு வார்த்தை பேச முடியாததற்குக் காரணம் அவர் கையில் இருந்த அந்த எழுத்தாணியும் பேனாவும்தான். கோட்டையும் வாளும் அவரிடம் இருந்ததில்லை.

இந்த மாற்றத்தில் என்ன தவறுகள் நேர்ந்தன, எப்படிக் கண்டுபிடிப்பது?

கூட்டுப் பட்டாவில் முதல் பெயர் மட்டும் ஏறி மற்றவர்கள் விடுபட்டிருப்பார்கள். பெரும்பாலும் விடுபட்டவர்கள் பெண்கள். பழைய சிட்டாவில் ‘வகையறா’ என்றோ ‘பேர் 4’ என்றோ இருந்ததா என்று பாருங்கள். இரண்டு உட்பிரிவுகள் மாறி, உங்கள் வயல் பக்கத்து வீட்டார் பட்டாவிலும் அவர்கள் வயல் உங்கள் பட்டாவிலும் இருக்கும். பரப்பு ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் ஆண்டுக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. புலப்படத்தை வயலில் வைத்துத் திசை பார்த்தால்தான் இது தெரியும். ஊரில் இல்லாதவர்களின் நிலம் தரிசென்றோ புறம்போக்கென்றோ எழுதப்பட்டிருக்கும். கொழும்புக்கும் பம்பாய்க்கும் பிழைக்கப் போன குடும்பங்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் வழி: அ-பதிவேட்டில் உள்ள பழைய புல எண்ணைக் குறித்துக்கொண்டு, யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள். நோட்டில் இரண்டு பத்தி போட்டு இடப்பக்கம் பழைய எண், பெயர், பரப்பு, வலப்பக்கம் புதியவை. ஒரே பழைய எண்ணிலிருந்து பிரிந்த எல்லாப் புதிய உட்பிரிவுகளையும் எழுதிப் பரப்பைக் கூட்டுங்கள். கூட்டல் பழைய மொத்தத்தோடு ஒத்துப் போகாத இடத்தில்தான் பிழை இருக்கிறது. உங்கள் வரியை மட்டும் பார்த்தால் இது ஒருபோதும் தெரியாது.

எழுத்துப் பிழை, பெயர்ப் பிழை வட்டாட்சியர் அளவில் தீரும். வட்டாட்சியரின் பட்டா உத்தரவு தவறென்றால் 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு, அதன்மேல் மாவட்ட வருவாய் அலுவலருக்குச் சீராய்வு. உரிமையே தகராறு என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான். மூன்றாவது வகைச் சிக்கலை முதல் வாசலில் வைத்துக்கொண்டு பத்து வருடம் நடப்பதுதான் பலர் செய்யும் பிழை.

எந்த மாவட்டத்துக் கணக்கு?

பழைய கணக்கைத் தேடும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பருக்கு முன் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அங்கே பழைய ஆவணம் மலையாளத்திலும் இருக்கலாம். தூத்துக்குடி 1986-இலும் தென்காசி 2019-இலும் தனி மாவட்டமாயின. அதனால் ஸ்ரீவைகுண்டத்து வயலுக்கும் சங்கரன்கோவில் புஞ்சைக்கும் பழைய மாவட்டப் பதிவுகள் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கக்கூடும். அதற்கும் முந்தையவை சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்.

ஊர் ரயத்துவாரியா ஜமீனா இனாமா (மானியமாக விட்ட ஊரா) என்பதும் முக்கியம். எட்டயபுரம், சிவகிரி, ஊற்றுமலை, சிங்கம்பட்டி ஜமீன் ஊர்களில் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரிப் பட்டா வந்தது. அதற்கு முன் குடியானவர் பெயர் ஜமீன் கச்சேரிக் கணக்கில் இருந்தது. சிறு இனாம் ஊர்களுக்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டம். இந்த ஊர்களில் நீங்கள் கேட்க வேண்டியது செட்டில்மெண்ட் தாசில்தார் போட்ட உத்தரவின் நகல். கோயில் இனாமென்றால் அறநிலையத் துறையின் சொத்துப் பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள், பின்னால் திடுக்கிட வேண்டியிருக்காது.

தேதியையும் எண்ணையும் படிப்பது

பழைய பத்திரத்தைக் கையில் எடுத்ததும் பலர் வைத்துவிடுவது இங்கேதான். பழகினால் ஒரு மாலை நேரத்து வேலை.

இந்தச் சீமையில் கொல்லம் ஆண்டு பரவலாக எழுதப்பட்டது. ஆவணி முதல் தேதி ஆண்டு பிறக்கும். ஆங்கில ஆண்டு பெற, ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை உள்ள தேதிக்கு 824-ஐக் கூட்டுங்கள். மார்கழிக் கடைசி முதல் ஆடி வரை உள்ளதற்கு 825. வருவாய்க் கணக்கில் பசலி ஆண்டு வரும். பசலி ஜூலை முதல் தேதி பிறக்கிறது. ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591.

தமிழ் எண்கள்: ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. பழைய முறையில் சுழியம் இல்லை, சொல்வதுபோலவே எழுதுவார்கள். இருபத்தைந்து என்பது ௨௰௫. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. பத்திரங்களில் ‘ஷை’ என்று வருவதும் மேற்படிதான்.

இப்போது இந்த வரியைப் படியுங்கள்:

கொல்லம் ௲௫௰௬ ௵ விக்கிரம ௵ தை ௴ ௰௨ ௳

ஆயிரத்து ஐம்பத்தாறாம் ஆண்டு, தை 12. தை மாதம் என்பதால் 825 கூட்டினால் 1881, ஜனவரி பின்பாதி. சரிதானா என்று விக்கிரம வருடத்தை வைத்துப் பார்க்கலாம். விக்கிரம 1880 ஏப்ரல் முதல் 1881 ஏப்ரல் வரை. பொருந்துகிறது. அறுபதாண்டுப் பெயர் 1820-இலும் 1940-இலும் வரும் என்பதால் அது தனியாக இருந்தால் போதாது. கொல்லமும் வருடப் பெயரும் ஒத்துப்போகாத பத்திரம் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பிற்காலத்தில் உட்கார்ந்து எழுதியவர் இந்த இடத்தில்தான் சறுக்குவார்.

பின்னங்கள் தெரியாமல் பங்குக் கணக்கு புரியாது. அரைக்கால் எட்டில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. ‘மூன்று வீசம் பங்கு’ என்றால் பதினாறில் மூன்று. எல்லாப் பங்குகளையும் முந்நூற்றிருபதின் பகுதிகளாக மாற்றிக் கூட்டுங்கள்: வீசம் 20, மா 16, காணி 4, முந்திரி 1. கூட்டுத்தொகை 320 வர வேண்டும். குறைந்தால் ஒரு பங்காளியின் பெயர் எங்கேயோ நிற்கிறது.

வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு இருந்தால்

பனை நிறைந்த இந்த நாட்டில் கணக்கும் கடனும் ஓலையில்தான் எழுதப்பட்டன. கட்டு கிடைத்ததும் அவிழ்க்காதீர்கள். கிடைத்த இடத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். 30 ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தது என்றால் அதன் கையெழுத்தை நீதிமன்றம் மெய்யென்று அனுமானிக்கலாம். எங்கே, யாரிடம் இருந்தது என்பது அதற்கு வேண்டும்.

பிறகு நிழலில், காற்றடிக்காத இடத்தில், வெள்ளைத் துணி விரித்து அவிழுங்கள். கயிறு இறுகியிருந்தால் இழுக்காமல் கயிற்றை வெட்டுங்கள். துளை கிழிந்தால் ஓலை இரண்டாகும். தூசியை மெல்லிய தூரிகையால், நரம்பு ஓடும் திசையில் மட்டும் தள்ளுங்கள். ஒட்டிக்கொண்ட ஓலைகளைப் பிரிக்கவே வேண்டாம், தண்ணீர் தொடவும் வேண்டாம். காய்ந்து முறுகியிருந்தால் பஞ்சில் சிறிது எலுமிச்சைப்புல் எண்ணெய் தொட்டுத் தடவலாம். ஓலை வளையும், பூச்சியும் அண்டாது. முதலில் எழுத்தில்லாத ஓரத்தில் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். வெயிலில் காயவைத்தால் மேல்தோல் உரியும், எழுத்து அதோடு போகும். சுற்றிக் கட்டும்போது வசம்புத் துண்டு வைப்பது பழைய வழக்கம், நல்ல வழக்கமும்கூட.

எழுத்து கீறலாக மட்டும் இருந்து கண்ணுக்குப் படாவிட்டால் உடனே மை பூச வேண்டாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஓலையின் மட்டத்துக்குச் சாய்த்து ஒரு பக்கமிருந்து அடித்தால் கீறலின் நிழல் எழும்பும். அந்த நிலையில் படம் எடுங்கள். இடப்பக்க ஓரத்தில் ஓலை எண் இருக்கும், அது படத்தில் விழ வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள்.

படிக்கும்போது மெய்யெழுத்தில் புள்ளியைத் தேடாதீர்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்தல் விழும், அதனால் வைக்கமாட்டார்கள். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இருக்காது. காலும் ரகரமும் ஒரே வடிவம். சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. ஒரு ஓலையில் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களை, ஊர்ப்பெயர், தாத்தா பெயர், குளத்தின் பெயர், முதலில் பிடியுங்கள். அந்த எழுத்துக்காரரின் க, த, ர வடிவம் பிடிபட்டால் மற்றது வரும். ஊர்க் கணக்கோ இலக்கியமோ என்று ஐயமிருந்தால் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தாரிடம் படத்தைக் காட்டலாம். அசலைப் பழைய பொருள் வாங்குபவரிடம் கொடுக்காதீர்கள்.

கோயில் சுவர்

எல்லா நிலத்துக்கும் இது தேவைப்படாது. கோயில் நிலம், குளத்து உரிமை, பழைய மடை வரிசை என்றால் பார்க்க வேண்டும். ஓலையில் வந்த அரசாணையைக் கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ளச் சொல்வது அன்றைய முறை. ஓலை அரண்மனைக் கணக்கில் அடங்கிவிடும், சுவரில் வெட்டியது ஊர் முழுவதும் பார்க்க நின்றது. வயலில் சூலம் பொறித்த கல் நின்றால் சிவன் கோயில் நிலத்தின் எல்லை, ஆழி பொறித்தது பெருமாள் கோயிலுடையது. அந்தக் கல்லைப் பிடுங்கி வரப்பில் போடாதீர்கள்.

திருநெல்வேலிக்கு வடக்கே மானூரில் சுமார் 800-ஆம் ஆண்டைச் சேர்ந்த, பாண்டியன் மாறஞ்சடையன் காலக் கல்வெட்டு இருக்கிறது. உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுக்கு நூறு ஆண்டுக்கும் மேலே முந்தையது. ஊர்ச் சபையில் யார் பேசலாம் என்று அது வரையறுக்கிறது: நிலப்பங்கு உடையவர்களாகவும், வேதமும் தர்ம நூலும் கற்றவர்களாகவும் இருக்க வேண்டும். எந்தத் தீர்மானம் வந்தாலும் ‘அன்று, அன்று’ என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு 5 காசு தண்டமும் உண்டு. உழுத குடிக்கு அந்தச் சபையில் இடமில்லை என்பதையும் அந்தக் கல்லே சொல்கிறது. சுவரில் எழுத்து இருந்தாலும் அதைப் படித்துச் சொல்லும் உரிமை சிலரிடம் இருந்தது. கல்வெட்டைப் படம் எடுக்கக் காலை அல்லது மாலைச் சாய்வெயில் போதும். மாவோ சுண்ணாம்போ எண்ணெயோ தடவாதீர்கள். பாண்டியர் கல்வெட்டுகள் பல ஏற்கெனவே அச்சாகியிருக்கின்றன, ஊர்ப்பெயரை வைத்துத் தேடினால் பாடம் கிடைத்துவிடும்.

கொடுக்க மறுத்தால்

‘பழைய பதிவேடு இல்லை’ என்று வாய்மொழியாகச் சொன்னால் திரும்பி வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் 6(1)-இன் கீழ், வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

‘என் நிலம் ஏன் மாற்றப்பட்டது’ என்று கேட்டால் பதில் வராது. சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. இப்படிக் கேளுங்கள்:

“இந்த வட்டம், இந்தக் கிராமம், பழைய புல எண் இன்னதற்கு, யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் உரிய பக்கத்தின் சான்றிட்ட நகல். அதே எண்ணுக்குரிய சிட்டாவின் சான்றிட்ட நகல். பெயர் மாற்றத்துக்கு அடிப்படையான உத்தரவின் எண், தேதி, நகல். மேற்படி பதிவேடுகளை நேரில் பார்வையிட நாளும் நேரமும்.”

கடைசி வரியை விடாதீர்கள். பார்வையிடுவது 2(j) பிரிவின்படி உங்கள் உரிமை, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. நேரில் பார்த்தால்தான் அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்பது தெரியும். ஆவணம் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் மனுவை அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். கெடு தாண்டித் தரும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக்கூடாது. ‘பதிவேடு அழிந்துவிட்டது’ என்று பதில் வந்தால், எந்த உத்தரவின்படி எந்தத் தேதியில் அழிக்கப்பட்டது என்று அடுத்த மனுவில் அழிப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு பதிவேடு கிடைத்துவிடுவது உண்டு.

கிராமக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் வட்ட அலுவலகத்தில் நடக்கும். அன்று கிராமக் கணக்குகள் எல்லாம் மேஜைக்கு வரும். பழைய எண், புதிய எண் இரண்டு பத்தியையும் எழுதிய நோட்டுப் பக்கத்தின் நகலை மனுவோடு இணைத்து, உங்கள் கிராமத்துக்குரிய நாளில் நேரில் கொடுங்கள். மனுவின் இரண்டாம் படியில் தேதி முத்திரையும் எண்ணும் போட்டு வாங்கிக்கொண்டே மேஜையை விட்டு நகருங்கள்.